இங்கிலாந்தின் பழைய பண்ணை அறுவடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிழக்கு இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்தில் ஒரு பழைய பண்ணைக் கருவிகள் காட்சிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் விளக்கம் சொல்லும் வேலை எனக்கு. சம்பளம் கிடையாது, தேநீர் உண்டு. ஜூலை, ஆகஸ்டில் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் அம்மா அப்பாக்கள் இங்கே நிறைய வருகிறார்கள். பாதிப் பேர் விவசாயக் குடும்பம். இந்த நாட்டுக்காரர்கள் ஓர் இயந்திரத்தைப் பார்த்ததும் "எத்தனை வருஷம் பழசு?" என்பார்கள். நம் ஆட்கள் "ஏக்கருக்கு எத்தனை மூட்டை கண்டது?" என்பார்கள்.

ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். பேசும் காலம் ஏறத்தாழ 1935 முதல் 1955 வரை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறேன்.

போர்டுல கார்ன்னு எழுதியிருக்கே, இங்க மக்காச்சோளமா போட்டாங்க?

இல்லை. இங்கிலாந்து விவசாயி 'கார்ன்' என்று சொன்னால் தானியம் என்று அர்த்தம். கோதுமை, பார்லி, ஓட்ஸ் எல்லாமே கார்ன்தான். மக்காச்சோளத்தை அப்படிச் சொல்வது அமெரிக்கப் பழக்கம். இங்கே அதற்கு 'மெய்ஸ்' என்று பெயர். இது தெரியாமல் மொழிபெயர்த்த சில கதைகளில் இங்கிலாந்துக் கிராமத்தைச் சுற்றிச் சோளக்கொல்லையாக இருக்கும். படித்துச் சிரித்திருக்கிறேன்.

கோதுமை ரொட்டிக்கு. பார்லி பீருக்கும் தீவனத்துக்கும். ஓட்ஸில் பெரும்பங்கு குதிரைக்கும் மாட்டுக்கும். அதாவது வண்டி ஓடுவதற்கான எரிபொருளைப் பண்ணையே விளைவித்துக்கொண்டது.

ஹே, ஸ்ட்ரா ரெண்டும் வைக்கோல்தானே? எதுக்கு ரெண்டு பேரு?

ஸ்ட்ராதான் நம் வைக்கோல்: கதிரை அடித்து மணியை எடுத்தபின் மிஞ்சும் தாள். ஹே என்பது தீவனத்துக்கென்றே விட்ட புல்லையும் க்ளோவர் என்னும் தீவனச் செடியையும் பச்சையாக வெட்டி வெயிலில் உலர்த்தியது. உலர்புல் என்று சொல்லலாம். சத்து அதில்தான் அதிகம். பனிக்காலம் முழுவதும் மாடும் குதிரையும் அதைத் தின்றுதான் தாக்குப்பிடிக்கும். வைக்கோல் பெரும்பாலும் கொட்டிலில் பரப்ப.

இரண்டுக்கும் பருவமும் வேறு. புல் வெட்டு ஜூனில். கதிர் அறுப்பு ஜூலைக் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் முழுக்க, மழை படுத்தினால் செப்டம்பர் வரை. தெற்கில் முந்தும், வடக்கில் பிந்தும்.

அறுத்த கையோட அடிச்சுத் தூத்தி மூட்டை கட்டாம, எதுக்கு வயல்லயே கட்டுக்கட்டா நிறுத்தி வச்சிருக்காங்க?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சுவரில் மாட்டியிருக்கும் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். பதில் ஒரே சொல்: ஈரம். இங்கே அறுக்கும்போது கதிர் முழுக்கக் காய்ந்திருக்காது. முற்றும்வரை விட்டால் மணி கொட்டிவிடும், அல்லது மழையில் சாய்ந்துவிடும். அதனால் கொஞ்சம் முந்தியே அறுத்து, மீதிப் பழுப்பை வயலிலேயே வாங்கிக்கொள்ள விடுவார்கள். அப்படியே அடித்து மூட்டை கட்டினால் தானியம் புழுங்கிப் பூசணம் பிடித்துவிடும். களத்தில் பரப்பிக் காயவைக்கலாம் என்றால், அதற்கு நம்பிக்கையான வெயில் வேண்டுமே!

ஆறு, எட்டு, பத்துக் கட்டுகளை இரண்டிரண்டாக, கதிர் மேலே ஒன்றோடொன்று சாய, அடி விலகி நிற்க நிறுத்துவார்கள். நடுவில் காற்று புகுந்து போகும். இதற்குப் பொதுப்பெயர் 'ஸ்டூக்', எங்கள் சஃபோக் பக்கம் 'ஷாக்'. வரிசை வடக்குத் தெற்காக ஓடும். காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறு பக்கம் படட்டும் என்று. கோதுமைக்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஓட்ஸ் மட்டும் மூன்று ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் மணியைக் கேட்ட பிறகுதான் வயலைவிட்டு வர வேண்டும் என்பது சொல்வழக்கு. ஓட்ஸைப் பச்சையாகவே அறுப்பதால் தாளில் சாறு வெகுநாள் நிற்கும்.

இந்த மெஷின் அறுக்குது சரி, கட்டு யாரு கட்டுறது?

அதுவேதான். 'பைண்டர்' என்று பெயர். மூன்று குதிரையோ ஒரு டிராக்டரோ இழுக்கும். பக்கவாட்டில் நீளும் கத்திப் பட்டை தாளை அறுக்கும். மேலே சுழலும் மரச் சட்டங்கள் அதைத் துணிப்பட்டையின் மேல் சாய்க்கும். பட்டை அதை மேலே ஏற்றி ஒரு மேடையில் குவிக்கும். போதுமான அளவு சேர்ந்து அழுத்தம் கூடியதும் ஒரு வளைந்த ஊசி சணலைச் சுற்றிக் கொண்டுவரும். அப்புறம் நடப்பதை நான் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுழற்றிக் காட்டுவேன். கட்டைவிரல் அளவில் ஓர் இரும்பு அலகு, மைனாவின் மூக்கு மாதிரி. சணலின் இரண்டு நுனியையும் தன்மேல் சுற்றிக்கொண்டு ஒரு வட்டம் அடிக்கும். வாயைத் திறந்து நுனியைக் கவ்வும். சின்னக் கத்தி வெட்டும். கட்டு நழுவும்போது முடிச்சு இறுகும். மூன்று இரும்புக் கை அதை வெளியே தள்ளும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். இந்த இடத்தில் பெரியவர்கள் யாரும் பேசமாட்டார்கள். "இன்னொரு தடவை சுத்துங்க தம்பி" என்பார்கள்.

இயந்திரத்துக்கு முன்னால் ஒரு கைவேலை உண்டு. பைண்டரும் குதிரையும் முதல் சுற்றுப் போனால் ஓரப் பயிர் மிதிபடும். அதனால் வயலைச் சுற்றி ஒரு பாதை அகலத்துக்கு நீள அரிவாளால் அறுத்து, தாளையே கயிறாக முறுக்கிக் கட்டிவிடுவார்கள். 1950 வாக்கிலும் பல பண்ணைகளில் இது நடந்தது. கட்டிய சணல் மட்டும் வீணாகாது. கேட்டுக்குத் தாழ்ப்பாள், கால்சட்டைக்கு இடைவார், அறுந்த சேணத்துக்குத் தையல் எல்லாம் அதில்தான்.

இவ்வளவு அவசரம்னா விடியக்காலைல இறங்க வேண்டியதுதானே?

மேலே சொன்ன ஈரம்தான் இங்கேயும் தடை. பனி உலராத தாள் பைண்டரின் துணிப்பட்டையில் சுருண்டு அடைத்துக்கொள்ளும். பனி விலகக் காலை ஒன்பது, பத்து மணி ஆகிவிடும். அதுவரை கத்தி தீட்டுவது, முந்தின நாள் கட்டுகளை நிறுத்துவது போன்ற வேலைகள்.

யுத்தத்தின்போது இது இன்னும் குழம்பியது. 1941 முதல் 1945 வரை கோடைகளில் கடிகாரத்தை கிரீனிச் நேரத்தைவிட இரண்டு மணி முன்னே தள்ளி வைத்தார்கள். ஆலைக்கும் அலுவலகத்துக்கும் மாலை வெளிச்சம் கூடுதல். பண்ணையிலோ, கடிகாரம் பதினொன்று காட்டும்போதுதான் பனி உலரும். ஆள் ஏழு மணிக்கே வந்து நிற்பான். வேலை ராத்திரி பத்துவரை இழுக்கும். ஆகஸ்ட் தொடக்கத்தில் சூரியன் மறைவதே ஒன்பதே முக்காலுக்கு. மாடு கடிகாரம் பார்க்காது, பால் வண்டி பார்க்கும். பால் கறப்பவர்கள் இருட்டிலேயே எழுந்தார்கள்.

கடைசிப் பாத்தியைச் சுத்தி எல்லாரும் தடியோட நிக்கிறாங்களே, சண்டையா?

முயலுக்காக. பைண்டர் வெளியிலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே போகும். வயலில் இருந்த முயலெல்லாம் நடுவில் நிற்கும் பயிருக்குள் ஒதுங்கிக்கொண்டே வரும். கடைசித் துண்டு அறுபடும்போது நாலா பக்கமும் பாயும். ஊர்ப் பையன்கள் தடியோடும் நாயோடும், பெரியவர்கள் துப்பாக்கியோடும் காத்திருப்பார்கள். இறைச்சி ரேஷனில் இருந்த வருஷங்களில் அன்று இரவு பல வீட்டில் முயல் கறி. 1953-ல் கென்ட்டில் ஈடன்பிரிட்ஜ் பக்கம் தொடங்கிய மிக்ஸோமடோசிஸ் நோயில் நாட்டின் முயல்கள் ஏறக்குறைய எல்லாமே செத்தன. அதோடு இந்த வேடிக்கையும் போயிற்று.

போர் போட்டு வச்சா மழையில அழுகாதா?

ஒழுங்காகப் போட்டால் அழுகாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் ஊர்ப் போர் வெறும் வைக்கோல். இவர்களுடையது மணியோடு நிற்கும் கதிர்க்கட்டுப் போர். ஒரு வருஷ வருமானம் அதற்குள் இருக்கிறது. வண்டியில் கட்டுகள் வந்து சேரும். ஒருவன் இரண்டு பல் கவையால் குத்தி ஏற்ற, மேலே ஒருவன் அடுக்குவான். வயலில் வண்டியை ஒரு ஸ்டூக்கிலிருந்து அடுத்ததற்கு நகர்த்துவது சின்னப் பையன் வேலை. நகர்த்துமுன் மேலே நிற்பவனுக்குக் குரல் கொடுக்க மறந்தால், அவன் தலைகீழாக விழுவான்.

போரில் கட்டின் அடிப்பக்கம் வெளியே, கதிர் உள்ளே. எப்போதும் நடு உயர்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு கட்டும் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். உள்ளே புகுந்த மழை நீரும் தாள் வழியே வெளியே வழியும். நடு தாழ்ந்துவிட்டால் அத்தனை நீரும் கதிருக்குள் இறங்கிவிடும். மேலே போகப்போகச் சற்று அகலமாக்கி, பிறகு குறுக்கி, கூரை வேய்ந்துவிடுவார்கள். கோணலான போரை ஊரே பார்த்துச் சிரிக்கும். முட்டுக் கொடுத்த போர் என்றால் ஞாயிற்றுக்கிழமை மதுக்கடையில் அவன் பாடு தீர்ந்தது.

பழைய பண்ணைகளில் எலி ஏறாதபடி காளான் வடிவக் கல்தூண்கள் மேல் மேடை கட்டிப் போர் போட்டார்கள். அந்தக் கற்கள் இன்று வசதியான வீட்டுத் தோட்டங்களில் அழகுக்கு நிற்கின்றன. ஈரமாகப் போட்ட உலர்புல் போருக்கு இன்னோர் ஆபத்து உண்டு. உள்ளே சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். நீண்ட இரும்புக் கம்பியைச் செருகிவைத்து, உருவித் தொட்டுப் பார்ப்பார்கள். கை சுட்டால் உடனே போரை வெட்டித் திறக்க வேண்டும்.

அப்ப அடிக்கிறது எப்ப?

குளிர்காலத்தில். அக்டோபர் தொடங்கி மார்ச், ஏப்ரல்வரைகூட. அடிக்கும் இயந்திரம் எல்லாரிடமும் கிடையாது. ஒப்பந்தக்காரர் ஒருவர் நீராவி எஞ்சினும் பெரிய மரப்பெட்டி போன்ற அடிப்பு இயந்திரமும் கொண்டு பண்ணை பண்ணையாகப் போவார். வைக்கோலும் மாட்டுக்குக் குளிரில்தான் தேவை. விலை பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக விற்கவும் வசதி. அவசரத்துக்குப் பணமோ விதையோ வேண்டியவர்கள் ஸ்டூக்கிலிருந்தே நேராக அடித்ததும் உண்டு.

பத்துப் பேராவது வேண்டும். இயந்திரத்தின் மேல் ஒருத்தர் சணலை அறுப்பார், பக்கத்திலிருப்பவர் கதிரை வாய்க்குள் விடுவார். தவறி விழுந்தால் திரும்ப வர முடியாது. அந்த வாய்க்குக் காப்பு வேண்டும் என்று 1878-லேயே சட்டம் போட்டார்கள். கேவலமான வேலை அடியில் பதரும் தூசும் வாருவது. அதைப் புதிதாக வந்தவர் தலையில் கட்டுவார்கள். பார்லி என்றால் கேட்கவே வேண்டாம், அதன் கூர் சட்டைக்குள் புகுந்து குத்திக்கொண்டே இருக்கும். போர் தாழத் தாழ எலிகள் கீழே இறங்கும். அதற்காகச் சுற்றிலும் கம்பிவலை, வலைக்குள் டெரியர் நாய்கள். காட்சிக்கூடத்துப் பொம்மைக்கு முழங்காலுக்குக் கீழே ஏன் சணல் கட்டியிருக்கிறது என்று கேட்பார்கள். கால்சட்டைக்குள் எலி ஏறாமலிருக்கத்தான்.

அது சரி, ஏக்கருக்கு எத்தனை மூட்டை?

யுத்தத்துக்கு முந்தைய சராசரிக்குக் கோதுமை எட்டு மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். "அவ்வளவுதானா?" என்று உடனே உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் மூட்டையைப் பாருங்கள். அளவு எல்லாத் தானியத்துக்கும் ஒரே பெரிய சாக்கு, எடைதான் மாறும். ஓட்ஸ் 76 கிலோ, பார்லி 102 கிலோ, கோதுமை 114 கிலோ. இன்று அதே ஏக்கரில் மூன்று டன் சாதாரணம்.

அந்த 114 கிலோவை முதுகில் வைத்துக் களஞ்சியத்தின் கல்படி ஏறினார்கள், நாள் முழுக்க. எங்களிடம் சாக்கைத் தோள் உயரத்துக்குத் தூக்கித் தரும் கைச்சுழற்சிக் கருவி ஒன்று இருக்கிறது. தூக்கித்தான் தரும், படி ஏறுவது ஆள்தான். 1959-ல்தான் ஒரு தொழிலாளி தனியாகச் சுமக்கும் மூட்டை 180 பவுண்டை, அதாவது சுமார் 82 கிலோவைத் தாண்டக்கூடாது என்று விதி வந்தது. அதற்குள் பலருடைய முதுகு போய்விட்டது.

காளை மாடே கிடையாதா? எல்லாம் குதிரையா?

இந்தக் காலத்தில் குதிரைதான். கிழக்கே சஃபோக் பஞ்ச் என்னும் செம்பழுப்புக் குதிரை: காலில் முடி குறைவு, களிமண் ஒட்டாது. மற்ற பக்கம் ஷயர். குதிரைக்காரர் விடியுமுன் எழுந்து தீனி வைத்தால்தான், அது தின்று செரித்து ஏழு மணிக்கு ஏரில் நிற்கும். இரண்டு குதிரை, ஒற்றைக் கலப்பை, ஒரு நாளுக்கு ஒரு ஏக்கர். சால் அகலத்தைக் கணக்குப் போட்டால் ஆளும் குதிரையும் நடந்த தூரம் பதினேழு, பதினெட்டுக் கிலோமீட்டர்.

யுத்தம் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு வந்தது. டேகனமில் செய்த ஃபோர்ட்சன் முதலில். 1946-லிருந்து கவென்ட்ரியில் சாம்பல் நிற ஃபெர்குசன். கருவியை நீர்ம அழுத்தத்தால் தூக்கும் இணைப்பு அதில் இருந்ததால் சின்னப் பண்ணைக்காரரும் வாங்கினார். பத்து வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கும் மேல் அங்கே செய்தார்கள். பழைய ஃபோர்ட்சனைக் கைப்பிடி சுழற்றிக் கிளப்ப வேண்டும். கட்டைவிரலைக் கைப்பிடிக்குச் சுற்றிப் பிடித்தால், எஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது விரல் முறியும். கட்டைவிரலையும் மற்ற விரல்கள் இருக்கும் பக்கமே வைத்துப் பிடிக்க வேண்டும் என்று இப்போதும் புதுத் தன்னார்வலருக்கு முதலில் அதைத்தான் சொல்லித் தருகிறோம்.

வயலுக்குச் சாப்பாடு என்ன கொண்டு போனாங்க?

ரொட்டி, பாலாடைக்கட்டி, பச்சை வெங்காயம், கொழுப்புப் பன்றி இறைச்சி, கண்ணாடிப் புட்டியில் பாலில்லாத ஆறிய தேநீர். கையில் ரொட்டியை வைத்துப் பேனாக்கத்தியால் வெட்டி வெட்டித் தின்பார்கள். இந்த வேளைக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு: ஃபென் பகுதியில் 'டாக்கி', எங்கள் பக்கம் 'பீவர்', வடக்கே 'பெய்ட்'. அறுவடை நாளில் மாலை நாலு மணிக்கு வீட்டிலிருந்து பெண்களும் பிள்ளைகளும் கூடையில் கொண்டு வருவது 'ஃபோர்ஸஸ்'. சாமர்செட், ஹெரிஃபோர்ட் பக்கம் ஆப்பிள் சைடர். கூலியில் ஒரு பகுதியைச் சைடராகவே கொடுப்பதை 1887-லேயே சட்டம் தடுத்தது. "கூலி இல்லை, தாகத்துக்கு" என்று அதன் பிறகும் ஊற்றினார்கள்.

ரேஷன் 1940 ஜனவரியில் தொடங்கியது. மதியச் சாப்பாட்டுக்கு உணவகம் போக முடியாத பண்ணைத் தொழிலாளிக்குப் பாலாடைக்கட்டி மட்டும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கிடைத்தது.

கூலி எவ்வளவு? வீடு இலவசமாமே?

1939-ல் பெரும்பாலான மாவட்டங்களில் வாரத்துக்கு 35 ஷில்லிங்கை ஒட்டி. 1940-ல் குறைந்தபட்சம் 48 ஷில்லிங் ஆக்கினார்கள். இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு. ஆலைத் தொழிலாளி அப்போதும் இவர்களைவிட மேலே. அறுவடையில் கூடுதல் நேரக் கூலி உண்டு. குழந்தைகளுக்குப் புதுக் காலணி பெரும்பாலும் அந்தப் பணத்தில்தான்.

வீடு முழுக்க இலவசமில்லை, சின்னப் பிடித்தம் உண்டு. பிரச்சினை பிடித்தம் அல்ல. வேலை போனால் வீடும் போகும். முதலாளியோடு வாக்குவாதம் வந்தால், வயதாகிவிட்டால், ஆள் செத்துவிட்டால்கூட, குடும்பம் வெளியேற வேண்டும். இந்த வேலைவீட்டை ஒழிக்கச் சொல்லி விவசாயத் தொழிலாளர் சங்கம் பல பத்தாண்டுகள் கத்தியது. 1976-ல்தான் குடியிருப்புக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. அழகான கொடி படர்ந்த குடிசைப் படங்களைப் பார்த்து ஏங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

யுத்தத்துல ஆம்பளைங்கெல்லாம் போயிட்டா யாரு அறுத்தா?

பண்ணைத் தொழில் அத்தியாவசியம் என்பதால் எல்லாரும் போகவில்லை. ஆனாலும் ஆள் பற்றவில்லை, ஏனென்றால் நிலம் கூடிக்கொண்டே போனது (அடுத்த கேள்வியைப் பாருங்கள்). பண்ணை வேலைக்குப் பெண்களைச் சேர்க்கும் 'பெண்கள் நிலப்படை'யை 1939 ஜூனில் லேடி டென்மன் தலைமையில் மறுபடி தொடங்கினார்கள். பச்சை ஸ்வெட்டர், பழுப்புக் கார்டுராய் கால்சட்டை, தொப்பி. தொடக்கக் கூலி 28 ஷில்லிங், அதில் தங்குமிடத்துக்குப் பிடித்தம். சிகரெட் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும் வேலை பார்த்த நகரத்துப் பெண்கள் பால் கறக்கவும், உழவும், பதர் வாரவும் கற்றார்கள். உச்சத்தில் எண்பதாயிரம் பேருக்கு மேல். யுத்தம் முடிகிற நேரத்தில், படைவீரர்களுக்குத் தரும் பணப்பயன் இவர்களுக்குக் கிடையாது என்றதும் லேடி டென்மன் 1945-ல் பதவியை விட்டு விலகினார். படை 1950 நவம்பர்வரை இருந்தது.

1941-லிருந்து இத்தாலியப் போர்க் கைதிகளும், பிறகு ஜெர்மானியர்களும் வந்தார்கள். கடைசி ஜெர்மானியர்கள் ஊர் திரும்பியது 1948-ல். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகள், விடுமுறைக்கு வந்த அலுவலக ஊழியர்கள் முகாம் போட்டு உருளைக்கிழங்கு பொறுக்கினார்கள்.

சொந்த நிலத்துல என்ன போடணும்னு சர்க்கார் சொல்லுச்சாமே, உண்மையா?

உண்மை. யுத்தத்துக்கு முன் நாட்டுக்கு வேண்டிய உணவில் பாதிக்கும் மேல் கப்பலில்தான் வந்தது. கப்பல் மூழ்கத் தொடங்கியதும் புல்வெளிகளை உழச் சொன்னார்கள். உழுத ஏக்கருக்கு இரண்டு பவுண்டு மானியம். மாவட்டம்தோறும் ஒரு யுத்த வேளாண் குழு. எந்த வயலில் கோதுமை, எதில் உருளைக்கிழங்கு என்று உத்தரவு அதனுடையது. 1944-க்குள் சுமார் 60 லட்சம் ஏக்கர் புல்வெளி உழவுக்கு வந்தது.

1941-ல் தொடங்கிய கணக்கெடுப்பில் விவசாயிகளை ஏ, பி, சி என்று தரம் பிரித்தார்கள். தரம் போடுகிறவர் பெரும்பாலும் பக்கத்துப் பண்ணைக்காரர். இதில் எவ்வளவு பழைய பகை தீர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சரியாகச் செய்யாதவரை வெளியேற்றவும் அதிகாரம் இருந்தது. ஹாம்ப்ஷயரில் 1940-ல் அப்படி வெளியேற மறுத்துக் கதவை அடைத்துக்கொண்ட ஒருவர், காவல்துறையோடு நடந்த துப்பாக்கிச் சண்டையில் இறந்தார்.

யுத்தத்துல ரொட்டிக்கு ரேஷன் இல்ல, முடிஞ்சப்புறம் ரேஷனா? கணக்கு இடிக்குதே?

இடிக்கத்தான் செய்யும். ஆனால் அப்படித்தான் நடந்தது. யுத்த காலம் முழுக்க ரொட்டி தட்டில்லாமல் கிடைத்தது, தவிடு சேர்த்த சாம்பல் நிற ரொட்டி என்றாலும். 1946 ஜூலையில் ரொட்டி ரேஷன் வந்து 1948 ஜூலைவரை நீடித்தது. உலகம் முழுக்கக் கோதுமைத் தட்டுப்பாடு. பிரிட்டனின் ஆட்சிக்குள் வந்த ஜெர்மன் பகுதிக்கும் உணவு போக வேண்டியிருந்தது. அதற்கு மேல் 1946 அறுவடை மழையில் மாட்டியது. ஸ்டூக்கிலேயே கதிர் முளைத்த வருஷம் அது.

சிந்தின கதிரை ஏழைங்க பொறுக்கிக்கலாமா?

பைபிளில் ரூத் பொறுக்கினாளே, அந்தப் பழக்கம் இங்கேயும் வெகுகாலம் இருந்தது. வயலில் ஒரே ஒரு கட்டை விட்டு வைப்பார்கள், அதற்குப் 'போலீஸ்காரன்' என்று பெயர். அது நிற்கும்வரை யாரும் இறங்கக்கூடாது. எடுத்ததும் பெண்களும் பிள்ளைகளும் அரிதாளில் இறங்குவார்கள். இது ஏழையின் உரிமை என்றே ஊர் நினைத்தது. ஆனால் சட்டப்படி அப்படி உரிமை இல்லை என்று 1788-லேயே நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் காலத்துக்கு வரும்போது, பொறுக்கியது பெரும்பாலும் கோழித் தீனிக்கு.

லண்டன்காரங்க லீவு எடுத்து வயல் வேலைக்கு வந்தாங்களாமே?

கென்ட்டுக்கு வந்தார்கள், தானியத்துக்கு அல்ல. பீருக்குக் கசப்புத் தரும் ஹாப் கொடியின் பூவைப் பறிக்க. செப்டம்பரில் கிழக்கு லண்டனிலிருந்து அம்மாவும் பிள்ளைகளும் பாட்டியும் சட்டி பானையோடு ரயில் ஏறுவார்கள். தகரக் குடிசை, வைக்கோல் திணித்த மெத்தை. கூலி புஷல் என்னும் முகத்தல் அளவுக் கணக்கில். அளப்பவர் பூவை அழுத்தி அளந்தால் கூடை நிறையாது, அதனால் தினமும் தகராறு. விரல் கறுத்துப் போகும், கசப்பு சாப்பாட்டிலும் ஏறும். இருந்தாலும் வருஷத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே வெளியூர்க் காற்று அதுதான். 1960களில் பறிப்பு இயந்திரங்கள் அந்த ரயிலை நிறுத்தின.

நம்ம பொங்கல் மாதிரி இவங்களுக்கு ஒண்ணும் இல்லையா?

மாதாகோயிலில் அறுவடைத் திருநாள் உண்டு. இது ரொம்பப் பழசு என்று இங்குள்ளவர்களே நம்புகிறார்கள். இப்போதிருக்கும் வடிவத்தை 1843-ல் கார்ன்வாலின் மோர்வென்ஸ்டோ ஊர்ப் பாதிரியார் ராபர்ட் ஹாக்கர் தொடங்கிவைத்தார். சன்னல் திண்டில் பூசணி, ஆப்பிள், பீடத்தில் கதிர்க்கட்டு வடிவில் சுட்ட ரொட்டி. அதைவிடப் பழசு, கடைசி வண்டி வீடு சேர்ந்ததும் பண்ணைக்காரர் போடும் விருந்து. எங்கள் பக்கம் அதற்கு 'ஹார்க்கி' என்று பெயர். பைண்டர் வந்து ஆட்கள் குறைந்தபோது விருந்தும் மெலிந்தது.

இதெல்லாம் எப்ப நின்னுச்சு? டிராக்டர் வந்ததுமா?

டிராக்டர் குதிரையைத்தான் மாற்றியது. பைண்டரையும் ஸ்டூக்கையும் போரையும் விட்டுவைத்தது. எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தூக்கியது கம்பைன். அறுத்து, அடித்து, தூற்றி, மூட்டைக்குள் விடும். இங்கிலாந்தில் முதல் கம்பைன் 1928-ல் ஓடியது. இவ்வளவு சீக்கிரம் வந்தது ஏன் இருபது முப்பது வருஷம் பரவவில்லை என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. பதில், மூன்றாம் கேள்வியில் சொன்ன அதே ஈரம். கம்பைனிலிருந்து வரும் மணி அன்றே மூட்டைக்குள் போகிறது. வயலில் நின்று காய அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் இல்லை. ஸ்டூக்கும் போரும் செய்த வேலையைச் செய்ய ஓர் உலர்த்தி வேண்டும். உலர்த்திக்கு எரிபொருள், மின்சாரம், கொட்டகை, முதல் எல்லாம் வேண்டும். 1947 வேளாண் சட்டம் விலைக்கு உத்தரவாதம் தந்த பிறகு பண்ணைக்காரர்கள் துணிந்து கடன் வாங்கினார்கள். 1950களின் முடிவுக்குள் போர் அடிக்கும் நாள் அரிதாகிவிட்டது.

இப்ப எங்கயாவது நிஜமான ஸ்டூக்கைப் பாக்க முடியுமா?

முடியும். கூரை வேய நீளமான, உடையாத தாள் வேண்டும். கம்பைனுக்குள் போனால் அது நசுங்கிவிடும். இன்றைய கோதுமை வகைகள் குட்டையும்கூட. அதனால் கூரைத்தாளுக்காகவே மாரிஸ் விட்ஜன் மாதிரி உயரமான பழைய வகைகளை விதைத்து, பழைய பைண்டரைப் பழுதுபார்த்து ஓட்டி அறுக்கும் பண்ணைகள் டெவனிலும் வேறு சில இடங்களிலும் உள்ளன. ஜூலைக் கடைசியில் அந்தப் பக்கம் போனால் சாலையோர வேலிக்கு மேல் எட்டிப் பாருங்கள். கையை உள்ளே விட்டுப் பார்க்க ஆசை வரும், பண்ணைக்காரரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வெளித்தாள் சுடும், நடுவில் இன்னும் சில்லென்று இருக்கும்.